அழகாபுரம் வீட்டை விற்க இணையதளமா, உள்ளூர்த் தரகரா?

கேள்வி – அழகாபுரத்து மகன்

வணக்கம். சேலம் அழகாபுரத்தில் அப்பா 1994-இல் கட்டிய வீட்டை நானும் அக்காவும் சேர்ந்து விற்க முடிவு செய்திருக்கிறோம். நான் ஓசூரில் இருக்கிறேன், அக்கா கோவையில் இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் எங்களால் அங்கே போய் நிற்க முடியாது. 65 லட்சம் எதிர்பார்க்கிறோம். தெருமுனைத் தேநீர்க்கடையில் உட்காரும் தரகர் இரண்டு சதவீதம், அதாவது 1,30,000 ரூபாய் கேட்கிறார். 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களில் உரிமையாளரே விளம்பரம் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கும்போது இந்தத் தொகையைக் கொடுக்கத்தான் வேண்டுமா? இரண்டு வழியிலும் விற்றவர்கள் சொல்லுங்கள்.

பதில் – அம்மாபேட்டைவாசி

நான் தரகர் இல்லாமல், இணையத்தில் விளம்பரம் போட்டே விற்றேன். ஆனால் நான் உள்ளூரில் இருப்பவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் ஏறிய அரை மணி நேரத்தில் கைபேசி அடிக்கத் தொடங்கியது. முதல் நாள் வந்த பதினான்கு அழைப்புகளில் பதினொன்று தரகர்களுடையவை. “பார்ட்டி ரெடியாக இருக்கிறது, பத்திர நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்” என்பதுதான் எல்லோருடைய முதல் வாசகமும். உண்மையாக வாங்க வந்தவரோ, மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மழைக்காலத்தில் சாக்கடை பின்பக்கம் தேங்குமா என்று கேட்டார். அப்படிப்பட்ட ஒருவருக்காக ஐந்து மாதம் காத்திருந்தேன். கமிஷன் மிச்சம்தான், ஆனால் அத்தனை முறையும் வீட்டைத் திறந்து காட்டியது நானும் என் மனைவியும். ஓசூரிலிருந்து இதைச் செய்ய முடியாது.

பதில் – பத்திர எழுத்தர் அலுவலகத்தில் இருந்தவன்

தம்பி, கமிஷன் ஒன்றா இரண்டா என்பதிலேயே கவனம் நிற்கிறது. உண்மையான இழப்பு அங்கே இல்லை. நீங்கள் 65 என்று சொன்னால், வாங்குபவரிடம் 72 என்று சொல்லி, இடையில் இருப்பதைத் தரகர் மேலே வைத்துக்கொள்வதுதான் விற்பவருக்குத் தெரியாமலே போகும் பணம். அதைவிடக் கேடு, ஐந்து தரகர்களிடம் நகலைக் கொடுத்துவிடுவது. ஆளுக்கொரு விலை சொல்வார்கள், வீடு அடிபட்டுப் போகும். பிறகு நல்ல பார்ட்டி வந்தாலும், “இந்த வீடு ஒரு வருடமாகச் சுற்றுகிறதே” என்று பின்வாங்குவார்.

ஆகவே இரண்டில் ஒன்று என்று பார்க்க வேண்டாம். விளம்பரத்தை நீங்களே உங்கள் விலையோடு போடுங்கள். அந்த விலை எல்லோர் கண்ணிலும் படுகிற வரையில் தரகர் மேலே வைத்துச் சொல்லத் தயங்குவார். வீட்டைக் காட்டுகிற வேலையை ஒரே ஒரு தரகரிடம், அறுபது நாள் என்று கெடு வைத்து, எழுதிக் கொடுங்கள். அவர் அழைத்து வந்த ஆளுக்கு மட்டுமே கமிஷன் என்பதையும், அது அட்வான்ஸ் வாங்கிய அன்று அல்ல, கிரயம் பதிவாகும் அன்றுதான் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். இரண்டு சதவீதத்தை ஒன்றாகக் குறைக்கப் பேசிப் பார்க்கலாம். வாங்குபவரிடமும் அவர் கமிஷன் வாங்குவார் என்பதை மறக்க வேண்டாம்.

தரகருக்கு ரெரா (மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கிறதா என்று கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தரகரின் பதிவைக் கட்டாயமாக்குவது, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான திட்டங்களின் விற்பனைக்குத்தான். தனியார் ஒருவரின் பழைய வீட்டு மறுவிற்பனையில் அந்தக் காப்பு கிடைக்காது. இணையதளம் காட்டிய ஆளானாலும் தரகர் காட்டிய ஆளானாலும் கிரய ஒப்பந்தத்தில் நிதானம் தேவை. தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவானால் வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும். வாங்குபவர் பின்வாங்கினால், அவரே வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் வரை அடுத்த ஆளிடம் பேசவே கூச்சமாக இருக்கும். அட்வான்ஸில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வருமான வரிச் சட்டத்தில் அபராதம் உண்டு. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால், வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். அதைத் தரகரின் தந்திரம் என்று நினைத்துச் சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு கேள்வி: பட்டா இன்னும் அப்பா பெயரில்தானே இருக்கிறது?

பதில் – ஏற்காட்டு மிளகுக்கொடி

அழகாபுரத்துக்கு மேலே சொன்னது பொருந்தும். மலையில் நிலைமை வேறு. எங்கள் வீட்டை வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் பெங்களூரு, சென்னைக்காரர்கள். உள்ளூர்த் தரகரின் தொடர்பு அவர்கள் வரை எட்டாது, இணைய விளம்பரம்தான் எட்டும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுலா வந்தவர்கள். வராந்தாவில் நின்று படமெடுத்து, காபி குடித்து, “வீட்டில் கலந்து சொல்கிறோம்” என்று ஏரிக்குப் போய்விடுவார்கள். கேட்டிலிருந்து கிணறு வரை நடந்து எடுத்த காணொளியை முன்கூட்டியே அனுப்பத் தொடங்கிய பிறகே அந்தக் கூட்டம் குறைந்தது. நீங்களும் அதைச் செய்யலாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்திருக்கிறோம். அம்மாவும் இல்லை என்பதால் நாங்கள் இருவர்தான் வாரிசுகள். விளம்பரத்தை இந்த வாரமே போட்டுவிட்டு, பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில் – பத்திர எழுத்தர் அலுவலகத்தில் இருந்தவன்

வேண்டாம். வங்கிக் கடனில் வாங்குபவர் என்றால், வங்கியின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான். உங்கள் இருவர் பெயருக்கும் பட்டா மாறி வரட்டும். சாவியை அதுவரை பக்கத்து வீட்டில் வைத்திருங்கள், தேநீர்க்கடைத் தரகர் கைக்கு அது போக வேண்டாம்.