தங்கை மகளை ஓசி பிளேனில் முகாமுக்கு அனுப்பலாமா? அம்மா விட மாட்டேன் என்கிறாள்

கல்லிடை மாமா எழுதியது:

வணக்கம். கேள்வி கலிஃபோர்னியாவைப் பற்றியது. தகராறு நடப்பது கல்லிடைக்குறிச்சியில், எங்கள் வீட்டில்.

என் தங்கை குடும்பம் அங்கே ரெட்டிங் என்ற ஊரில் இருக்கிறது. மகளுக்குப் பத்து வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவுக்கு இங்கே வந்திருந்தார்கள். அம்மா அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மாம்பழம் கேட்டு ஓடிவந்த பிள்ளை பானையில் மோதிவிட்டாள். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி. கழுத்தின் இடப்பக்கம், தோள், அப்படியே முழங்கைவரை. கஞ்சி தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, பசையாக ஒட்டிக்கொண்டு வேகவைக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு மதினி நல்ல எண்ணத்தில் தோசை மாவை அள்ளி அப்பினாள். ஆஸ்பத்திரியில் அந்த மாவைக் கழுவி எடுக்கும்போது பிள்ளை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அமெரிக்கா போனபிறகு கழுத்து இழுத்துக்கொண்டதைச் சரிபண்ண இன்னொரு ஆபரேஷன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீக்காயம் பட்ட பிள்ளைகளுக்கென்று ஃப்ரெஸ்னோ பக்கம் ஒரு வாரம் கோடை முகாம் நடக்கிறதாம். காரில் ஐந்தரை மணி நேரம். தங்கை வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, தங்கைக்குக் கைக்குழந்தை. ‘ஏஞ்சல் ஃப்ளைட் வெஸ்ட்’ என்ற அமைப்பின் மூலமாக ஒரு பைலட் தன் சொந்த விமானத்தில் வந்து கூட்டிப்போவார், பைசா தர வேண்டாம் என்று முகாமில் சொல்லியிருக்கிறார்கள். நாலு சீட், ஒற்றை எஞ்சின்.

தங்கை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இதென்னல, அம்பாசிடர் காருக்கு ரெக்கை வச்ச மாதிரி இருக்கு? காசு வாங்காம ஒருத்தன் எதுக்கு பிளேன் ஓட்டுதான்? அவனுக்கு வேற சோலி இல்லையா?” என்றாள். அதோடு சரி, இரண்டு நாளாகத் தங்கையோடு போனில் பேசவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஏன் இலவசம்? நம்பி அனுப்பலாமா? அம்மாவிடம் நான் என்னத்தைச் சொல்ல?

நயினார்குளத்தான் எழுதியது:

இந்த மாதிரி இலவசத்துக்குப் பின்னால் கட்டாயம் ஒரு கேமரா இருக்கும். பிள்ளையின் தழும்பைப் படம் பிடித்துப் போட்டு ‘சேவை’ என்று எழுதுவான், ஆயிரம் பேர் கைகூப்புவார்கள். உங்கள் அம்மா கேட்டதில் தப்பே இல்லை. பெற்ற பிள்ளைக்காக இரண்டு நாள் லீவு போட முடியாதா அந்தத் தகப்பனால்?

வண்ணார்பேட்டைக்காரன் எழுதியது:

கல்லிடை அண்ணாச்சி, நான் சாக்ரமெண்டோ பக்கம் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். பிழைப்பு கம்ப்யூட்டர், கிறுக்கு விமானம். மூன்று பேர் சேர்ந்து ஒரு பழைய செஸ்னா 182 வைத்திருக்கிறோம். நீங்கள் சொன்ன அமைப்பில் நானும் ஒரு பைலட். தீக்காய முகாமுக்கு இதுவரை நாலு தடவை பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓசி. நாங்கள் காசு வாங்கவே கூடாது. எங்களிடம் இருப்பது சொந்த உபயோகத்துக்கான லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் ஏற்றினால் லைசென்ஸ் போய்விடும். ஆகவே பெட்ரோல், இறங்குகிற இடத்து வாடகை எல்லாம் எங்கள் கைக்காசு. ரெட்டிங் வந்து பிள்ளையை ஏற்றி ஃப்ரெஸ்னோவில் விட்டுவிட்டு நான் வீடு திரும்ப 4 மணி நேரம், 200 லிட்டர் ஆகும். அவனுக்கு வேறு சோலி இல்லையா என்று உங்கள் அம்மா கேட்டது சரியான கேள்விதான். உண்மையைச் சொன்னால், இல்லை. சனிக்கிழமை வந்தால் எங்களுக்கு எங்கேயாவது பறக்க வேண்டும். பக்கத்து ஊருக்குப் பறந்துபோய் மத்தியானம் ஒரு பர்கர் தின்றுவிட்டு வருவோம். அதற்கு ‘நூறு டாலர் பர்கர்’ என்று எங்களுக்குள் ஒரு கேலிப்பெயர் உண்டு. எப்படியும் எரிக்கிற எண்ணெய், ஒரு பிள்ளைக்கு ஆகட்டுமே என்றுதான் பலரும் சேருகிறார்கள். வருமான வரியில் அந்தச் செலவைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம், அதையும் மறைக்கவில்லை. இந்த அமைப்பு 1983இலிருந்து இருக்கிறது. ஆம்புலன்ஸ் விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர், நர்ஸ், ஸ்ட்ரெச்சர் எதுவும் இருக்காது. தானே ஏறி உட்காரக்கூடிய ஆளைத்தான் ஏற்றுவோம்.

அடுத்தது பாதுகாப்பு. ஏர்லைன் விமானத்துக்குச் சமம் என்று நான் சொன்னால் அது பொய். சின்ன விமானத்தில் ஆபத்து கூடுதல். 2007, 2008இல் இப்படிப்பட்ட தொண்டுப் பயணங்களில் விபத்து நடந்து உயிரும் போயிருக்கிறது. அதற்கப்புறம் 2010இல் அங்கத்திய விபத்து விசாரணை வாரியம் இந்த அமைப்புகளுக்கு அறிவுரை சொன்னது: ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பைலட்டின் தகுதியைச் சரிபாருங்கள், இது ஏர்லைன் தரம் இல்லை என்பதைக் குடும்பத்திடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று. தங்கை கையெழுத்துப் போடுகிற படிவத்தை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். விமானத்துக்கு வருஷா வருஷம் முழுச் சோதனை உண்டு. எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துப் பறந்து காட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வானிலை சரியில்லை என்றால் பைலட் வர மாட்டேன் என்று சொல்லிவிடலாம், யாரும் அவரை வற்புறுத்தக் கூடாது. கோடையில் காட்டுத்தீப் புகை வந்தால் போச்சு. அதனால் காரில் கொண்டுபோய்விட ஒரு ஆளைத் தயாராக வைத்திருங்கள். கடைசி நேரத்தில் பைலட் பின்வாங்கினால் கோபப்படாதீர்கள், அப்படிப்பட்டவரைத்தான் நம்பலாம்.

நயினார்குளத்து நண்பருக்கு: கேட்காமல் யாரும் படம் எடுப்பதில்லை. படிவத்தில் வேண்டாம் என்று எழுதிவிட்டால் அதோடு முடிந்தது.

போன வருஷம் ஒரு பையனைக் கூட்டிப்போனேன். எட்டு வயது, முகத்தில் பாதி. அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. கிளம்புவதற்கு முன்னால் இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிக் குழலில் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். இந்த எண்ணெய்க்கு நீலச்சாயம் போட்டிருப்பார்கள். குழலை அவன் கையில் கொடுத்தேன். உருட்டி உருட்டிப் பார்த்தான். எனக்கு என் கை ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஒரு தீபாவளிக்குப் புஸ்வாணம் என் கையிலேயே வெடித்தபோது எங்கள் ஆச்சி ஒரு பாட்டில் பேனா மையைக் கவிழ்த்தாள், அதே நீலம். உங்கள் வீட்டில் மாவு, எங்கள் வீட்டில் மை. பையனிடம் அந்தக் கதையைச் சொல்லித் தழும்பைக் காட்டினேன். ஒரு ரூபாய் அளவுதான் இருக்கும். அவன் அதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றான். அதற்கப்புறம் ஃப்ரெஸ்னோவரை பேச்சு நிற்கவில்லை.

தங்கைக்குச் சில விஷயம். விமானத்தில் கக்கூஸ் கிடையாது, கிளம்பும்போதே போகச் சொல்லுங்கள். பெட்டி வேண்டாம், மெத்தென்ற பை போதும். பிள்ளை எடை, பை எடை இரண்டையும் உள்ளபடி சொல்லுங்கள். டாங்க் நிறைய எண்ணெய் போட்டால் என் விமானம் மூன்று பெரியவர்களுக்கே முக்கும். தோள்பட்டை பெல்ட் சரியாகத் தழும்பின்மேல் வரும், மடித்த பருத்தித் துணி ஒன்று வைக்கட்டும். பகல் ஏற ஏற ஃப்ரெஸ்னோ பக்கத்துச் சமவெளியில் வெயில் நம்ம ஊர் அக்கினி நட்சத்திரம் மாதிரி, விமானமும் தூக்கித் தூக்கிப் போடும். காலையிலேயே கிளம்பக் கேளுங்கள்.

பாளை சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் தீக்காய வார்டில் பதினோரு வருஷம் இருந்தவள். பிளேன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தோலைப் பற்றிச் சொல்கிறேன். ஒட்டின தோல் வியர்க்காது. அதனால் பிள்ளைக்குச் சூடு சீக்கிரம் ஏறும், தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். இறுக்கமான அழுத்தச் சட்டை போடுகிறாளா? ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டியது அது, வெயிலைக் காரணம் காட்டிக் கழற்றிவிடக் கூடாது. மாற்றுச் சட்டை ஒன்று பையில் வையுங்கள். தழும்பில் நேர் வெயில் பட்டால் கறுத்துப்போகும், முழுக்கைச் சட்டை நல்லது. அப்புறம், மாவும் வேண்டாம் மையும் வேண்டாம். உடனே 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இதை வாசிக்கிற எல்லாருக்கும்தான் சொல்கிறேன்.

முகாமுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இங்கே நாங்களே ஒரு தடவை செய்து பார்த்தோம். ஒரு சீசனில் வார்டை விட்டு வீட்டுக்குப் போன ஆறு பிள்ளைகளைக் குற்றாலம் கூட்டிப்போனோம். வேன்காரர் டீசல் காசுகூட வாங்கவில்லை. மெயினருவியில் இறங்கினதும் கூட்டம் அருவியை விட்டுவிட்டு எங்களைத்தான் பார்த்தது. ஒரு அம்மா பக்கத்தில் வந்து, “பொம்பளைப் பிள்ளைக்கு இப்படி ஆயிட்டே, எவன் கட்டுவான்?” என்று பிள்ளை காதுபடவே கேட்டாள். ஏழாம் வகுப்புப் பிள்ளை, துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு ஆள் இல்லாத ஓடை ஒன்றைத் தேடிப்போனோம். அங்கே ஆறு பேரும் தண்ணீரை விட்டு ஏற மறுத்தார்கள். அந்தத் துப்பட்டா ஒரு பாறைமேல் காய்ந்துகொண்டு கிடந்தது.

ஒன்று கேட்கட்டுமா? உங்கள் அம்மா இப்போதும் சோறு வடிக்கிறார்களா?

கல்லிடை மாமா எழுதியது:

அக்கா, இல்லை. குக்கர்தான். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் வடித்த சோறு கிடையாது. நீங்கள் கேட்டபிறகுதான் யோசித்தேன். குக்கர் சோறு குழையுது என்று நான் வேறு அடிக்கடி குறை சொல்லியிருக்கிறேன்.

நயினார்குளத்தான் எழுதியது:

வேன்காரர் கதைக்காக என் பேச்சில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். லீவு போடச் சொன்னது அப்படியே இருக்கட்டும்.

கல்லிடை மாமா எழுதியது:

நாலு நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், விபத்து நடந்ததையும் விடாமல். கேட்டுவிட்டு, “அந்த வண்ணார்பேட்டைப் பையன் எந்தத் தெருவாம்?” என்றாள். அப்புறம் சிஸ்டர் எழுதின அந்தத் துப்பட்டாவை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ராத்திரி அவளாகவே தங்கைக்குப் போன் போட்டாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது, திண்ணையில் ஒரு மணி நேரம் ஆனது.

சனிக்கிழமை காலை அங்கே ஏழு மணிக்குப் புறப்பாடு, நமக்கு ராத்திரி ஏழரை. இப்போது இரண்டு சந்தேகம் மிச்சம். பைலட்டுக்குக் கொடுக்கத் தங்கை வீட்டில் இருக்கிற நம்ம ஊர் அப்பளத்தில் இரண்டு கட்டு அனுப்பலாமா, அதையும் எடையில் சேர்க்க வேண்டுமா? இன்னொன்று, ஏழு மணிக்குக் கிளம்பி இரண்டு மணி நேரம் என்றால் இறங்கும்போது ஒன்பதாகிவிடும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து ராகுகாலம். கால் மணி முன்னாடி எடுக்கச் சொல்ல முடியுமா என்று அம்மா கேட்கிறாள்.

வண்ணார்பேட்டைக்காரன் எழுதியது:

அன்றைக்கு ஓட்டப்போவது நான் இல்லை அண்ணாச்சி, வேறொரு பைலட் அந்தப் பயணத்தை எடுத்துவிட்டார். அப்பளம் தாராளமாக அனுப்புங்கள், எடை கேட்டால் அரைக் கிலோ என்று சொல்லுங்கள். எண்ணெயில் பொரிக்க வேண்டும் என்று மறக்காமல் ஒரு சீட்டு எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் பச்சையாகக் கடித்துவிடுவார்கள். 6:45க்குக் கேட்டுப் பாருங்கள், ராகுகாலத்தைச் சொல்ல வேண்டாம், வெயிலுக்கு முன்னால் இறங்கணும் என்றாலே போதும். அம்மாவிடம் சொல்லுங்கள், சாலைத் தெரு, பிள்ளையார் கோவிலுக்கு இரண்டாவது வீடு.