தந்தைக்குப் பின் தேயிலைத் தொழிற்சாலை: வாரிசு வரி வருமா?

கேள்வி (கோத்தகிரி வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையும் சித்தப்பாவும் இரு பங்குதாரர்களாக, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றைக் கோத்தகிரிக்கு அருகில் நடத்தி வருகின்றனர். தொழிற்சாலை அவர்களின் கூட்டாண்மை நிறுவனத்தின் பெயரிலும், அருகிலுள்ள தோட்டம் தந்தையின் பெயரிலும் உள்ளன. அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூ ஜெர்சியில் வாழ்கிறார். தந்தையின் காலத்துக்குப் பின் நாற்பது விழுக்காடு வரி கட்ட நேரிடும், அதற்காகத் தோட்டத்தையே விற்க வேண்டிவரும் என்று அவர் அஞ்சுகிறார். 2024 தேர்தலில் வாரிசு வரி பற்றி எழுந்த பேச்சுக்குப் பிறகு தந்தைக்கும் அதே கவலை. இப்போதே அனைத்தையும் எங்கள் இருவர் பெயருக்கும் எழுதி வைத்துவிடலாமா?

பதில் 1 (குன்னூர் ஆடிட்டர்)

ஐயா, இந்தியாவில் இன்று அப்படியொரு வரி இல்லை. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி விதிக்கப்பட்ட எஸ்டேட் டூட்டி (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான வரி), 1985 மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கு நீக்கப்பட்டது. அதன் உச்ச விகிதம் 85 விழுக்காடாக இருந்தும் ஆண்டு வசூல் சுமார் 20 கோடி ரூபாய்தான் என்றும், வசூலிக்கும் செலவு ஒப்பளவில் அதிகம் என்றும் அன்றைய நிதியமைச்சர் வி.பி.சிங் காரணம் கூறினார்.

ஆயினும் உங்கள் தந்தையின் அச்சம் பொருளற்றதன்று. இவ்வகை வரி, தொழில் ஈட்டும் வருமானத்தைப் பார்க்காமல், இறந்த நாளில் சொத்துக்குள்ள சந்தை மதிப்பையே பார்க்கும். பச்சைத் தேயிலை விலை கூலிக்கே போதாத ஆண்டிலும் நம் மலையில் நிலத்தின் விலை இறங்குவதில்லை. ரிசார்ட் கட்ட வருபவர் தரும் விலையில் தோட்டத்தை மதிப்பிட்டால், தேயிலை விற்று அந்த வரியைக் கட்ட முடியாது. பணமோ இயந்திரத்திலும், இருப்பிலுள்ள தூளிலும், வங்கிக் கடனிலும் முடங்கியிருக்கும். குடும்பத் தொழிலை இத்தகைய வரி பாதிப்பது பெரும்பாலும் இந்த ரொக்கத் தட்டுப்பாட்டால்தான்.

இப்போதைய நிலையில், உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ பெறுவதற்கு வருமான வரி கிடையாது. பின்னாளில் விற்றால் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வரலாம். அப்போது தந்தை வாங்கிய விலையே உங்கள் அடக்கவிலையாகக் கொள்ளப்படும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்தாயின் அந்நாளைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

பதில் 2 (நியூ ஜெர்சி வாசகர், சொந்த ஊர் உதகை)

உங்கள் அண்ணன் சொல்லும் நாற்பது விழுக்காடு அமெரிக்கக் கூட்டரசு வரியின் விகிதம். அது இறந்தவரின் சொத்தின்மீது விழுவது, பெறுபவர்மீது அன்று. உங்கள் தந்தை அமெரிக்கர் அல்லர் என்பதால், அமெரிக்க நிறுவனப் பங்குகள் போன்ற அந்நாட்டுச் சொத்து 60,000 டாலருக்கு மேல் அவருக்கு இருந்தாலன்றி இது அவரைத் தொடாது. அண்ணன் பெறும் பங்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் 3520 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வரி இல்லாவிட்டாலும், படிவத்தை விட்டால் அபராதம் கடுமையாக இருக்கும். அண்ணனின் காலத்துக்குப் பின் கோத்தகிரிப் பங்கும் அவருடைய உலகளாவிய சொத்தில் சேரும். ஆனால் 2026இல் விலக்கு வரம்பு ஒன்றரைக் கோடி டாலர்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் தோட்டத்தை இருவருக்கும் பாதிப் பாதியாகத் தான செட்டில்மென்ட் (தந்தை இருக்கும்போதே பத்திரம் மூலம் எழுதிக் கொடுப்பது) செய்வதில் தடை உண்டா?

பதில் 3 (குன்னூர் ஆடிட்டர்)

அண்ணனின் பாதிக்குத் தடை உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர், விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ தானமாகப் பெற அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை, வாரிசுரிமையாகப் பெறலாம். ஆகவே அவருக்குரியதை உயிலிலும், உங்களுக்குரியதை வேண்டுமானால் செட்டில்மென்டிலும் வையுங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்கிடையேயான செட்டில்மென்டுக்கு முத்திரைத்தீர்வை ஒரு விழுக்காடு. 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆயிற்று.

வரியைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் நிறுவனம்தான். பங்குதாரர் ஒருவர் மறைந்தாலும் தொழில் தொடரும் என்று கூட்டாண்மைப் பத்திரத்தில் எழுதியிருந்தாலும், இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் எஞ்சுபவர் ஒருவரே என்பதால் கூட்டாண்மை கலைந்துவிடும். வங்கிக் கடன் கணக்கு உட்பட அனைத்தையும் புதிதாக ஏற்பாடு செய்ய நேரிடும், தேயிலை கொடுத்த விவசாயிகளோ பணத்துக்குக் காத்திருப்பார்கள். தந்தை நலமாக இருக்கும்போதே உங்களை மூன்றாம் பங்குதாரராகச் சேர்த்து, விலகுபவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை ஆண்டுத் தவணையில் கொடுப்பது என்பதையும் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் சம்மதம் இதற்கு முதலில் வேண்டும்.