பழைய இரும்பு ஃப்ரேமில் வேலைக்குப் போகும் சைக்கிள்: ஹப் கியரா, டிரெய்லியரா?

தினமும்22
வணக்கம். சும்மா கிடந்த பழைய இரும்பு ஃப்ரேம் ஒன்றைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். வேலைக்குப் போக 11 கிமீ, வர 11 கிமீ. நடுவில் ஒரு மேம்பாலம், மற்றபடி சமதளம். ஆனால் சாலை முழுக்கக் குண்டும் குழியும். மடிக்கணினிப் பையும் மாற்றுத்துணியும் கேரியரில் வரும். வேகம் எனக்கு முக்கியமில்லை. போய் இறங்கும்போது முதுகும் மணிக்கட்டும் வலிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அளந்தது: பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மிமீ. முன்பு இருந்தவை 27 அங்குலச் சக்கரங்கள், குரோம் பூசிய இரும்பு ரிம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கின் தண்டு மரை போட்ட 1 அங்குல வகை. என் யோசனை: ஷாக் போர்க், ஜெல் சீட், 8 கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடுக்கூட்டுக்குள்ளேயே கியர் இருக்கும் வகை). சரியா?

மழைச்சாலை
ஷாக் போர்க்கை விட்டுவிடுங்கள். இப்போது வருபவற்றின் தண்டு பெரும்பாலும் 1⅛ அங்குலம். உங்கள் ஃப்ரேமின் தலைக்குழாயில் நுழையாது. நுழைந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மலிவான ஷாக் போர்க் 2 கிலோவுக்கு மேல் கனக்கும். எனக்கு வாய்த்தது இரண்டு மழைக்காலத்தில் உள்ளே துருவேறி இறுகிவிட்டது.

ஹப் கியர் யோசனை மிகச் சரி. பல்சக்கரங்கள் எல்லாம் மூடிய கூட்டுக்குள் இருப்பதால் சேறும் தண்ணீரும் அண்டாது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம். செயின் ஒரே நேர்கோட்டில் ஓடுவதால் முழுச் செயின் கவர் போடலாம், பேண்ட்டில் கறை படாது. பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் நீளப் பள்ளம் உங்கள் ஃப்ரேமில் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் செயினை இழுத்துப் பிடிக்கத் தனிக் கருவியும் தேவையில்லை.

மேட்டுமிதி
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹப் கியரைப் புகழ்கிறவர்கள் பஞ்சரைப் பற்றிப் பேசுவதே இல்லை. பின்டயர் பஞ்சரானால் கியர் கேபிளைக் கழற்ற வேண்டும். 15 மிமீ ஸ்பேனரால் இரண்டு நட்டையும் தளர்த்த வேண்டும். அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷர்களை இடம் வலம் மாறாமல் திரும்பப் போட வேண்டும். பிறகு கேபிளையும் சரிபார்க்க வேண்டும். இத்தனையும் மழையில், இருட்டில், அலுவலக உடையில்! செயின் பல்லுக்குப் பல் தாவும் டிரெய்லியர் என்றால் குவிக் ரிலீஸ் நெம்புகோலைத் திறந்தால் சக்கரம் கையில் வந்துவிடும். உள்ளே ஏதாவது தேய்ந்தாலும் ஹப் கியரைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பது கடினம். டிரெய்லியரில் எல்லாம் கண்ணெதிரே இருக்கும்.

இன்னொன்று, 126 மிமீ இடைவெளியில் 7 பல்சக்கர ஃப்ரீவீல் (ஹப்பின் மேல் திருகும் பல்சக்கரக் கொத்து) அப்படியே உட்காரும். சிறியது 14 பல், பெரியது 34 பல் என்று எடுத்தால் வீச்சு, அதாவது மிக லேசான கியருக்கு மிகக் கனமான கியர் எத்தனை மடங்கு என்பது, 243%. ஷிமானோ நெக்ஸஸ் 7 கியர் ஹப்பின் வீச்சு 244%. அதே வீச்சுக்காக இவ்வளவு கனத்தையும் சிக்கலையும் ஏன் சுமக்க வேண்டும்?

மழைச்சாலை
பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்று யார் சொன்னது? ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை அந்த இடத்தில் வெளியே இழுத்து ஒட்டி உள்ளே தள்ளிவிடலாம். எத்தனையோ முறை அப்படித்தான் ஒட்டியிருக்கிறேன். 8 கியர் ஹப்புக்கு 132 மிமீ இடைவெளி வேண்டும், உங்களுடையது 126, அது உண்மை. ஆனால் இது இரும்பு ஃப்ரேம். பக்கத்துக்கு 3 மிமீ விரித்துவிட்டு, அச்சு உட்காரும் இரண்டு முனைகளையும் இணையாகத் திருத்தினால் போதும். அலுமினியத்தில் மட்டும் யாரும் இதைச் செய்யாதீர்கள்.

ஸ்போக்36
இருவரும் கியரைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்டவருக்கு வலிக்கக் கூடாது, அதுதானே கேள்வி? அதற்கு முதல் பதில் டயர். அந்த டயர் எவ்வளவு அகலம் போகும் என்பதை ஃப்ரேம்தான் தீர்மானிக்கும்.

27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மிமீ. 700சி ரிம்மில் 622. சக்கரத்தை 700சி-க்கு மாற்றினால் விட்டம் 8 மிமீ குறையும், அதில் பாதி, ரிம் 4 மிமீ கீழே இறங்கும். அந்த 4 மிமீ மட்கார்டுக்கு வரம் மாதிரி. டயரிலும் 27 அங்குலத்தில் தேர்வு மிகக் குறைவு, 700சி-யில் எல்லா அகலத்திலும் கிடைக்கிறது. பிரேக் கட்டை மட்டும் 4 மிமீ கீழே எட்ட வேண்டும். பிரேக் போல்ட்டிலிருந்து ரிம்மின் நடுவரை அளந்து பாருங்கள். 55 முதல் 73 மிமீ வரை எட்டும் நீளக்கை பிரேக்குகள் இருக்கின்றன.

இரும்பு ரிம்மை வைத்துக்கொண்டு மழையில் ஓட்டவே ஓட்டாதீர்கள். நனைந்த குரோம் மேல் ரப்பர் வழுக்கும், பிரேக் பிடிப்பதற்குள் வண்டி வெகுதூரம் போய்விடும். அலுமினிய ரிம், 36 ஸ்போக், நன்றாக இழுத்துக் கட்டியது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

டயர் 35 மிமீ, மட்கார்டு 45 மிமீ. என் எடை 72 கிலோ. 35 மிமீ டயரில் பின்னால் 50, முன்னால் 45 பிஎஸ்ஐ வைக்கிறேன். முன்பு 28 மிமீ-இல் 80 வைத்து ஓட்டிய அதே சாலை இப்போது வேறு சாலை போல இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் மெதுவாகிவிடும் என்ற பயம் வேண்டாம். கரடான சாலையில் கல்லென்று இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது, அதில்தான் உழைப்பு வீணாகும். பஞ்சர் பயத்தில் ஸ்வால்பே மாரத்தான் பிளஸ் மாதிரி 5 மிமீ தடிப் பட்டை வைத்த டயரை எடுத்தால் பஞ்சர் குறையும், ஆனால் அந்த மென்மையும் போய்விடும். நான் மெல்லிய பட்டை உள்ளதையே எடுப்பேன்.

ஃப்ரீவீல் பற்றி ஒன்று. 7 பல்சக்கர ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்கப் பேரிங் வெகுவாக உள்ளே தள்ளி இருக்கும், அச்சின் முனை ஆதரவில்லாமல் நீளும். கேரியரில் பாரம், சாலையில் குழி என்றால் அச்சு வளையும், முறியவும் செய்யும். பேரிங் ஓரத்தில் இருக்கும் கேசட் ஹப் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மேட்டுமிதி
அச்சு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 130 மிமீ கேசட் ஹப், பக்கத்துக்கு 2 மிமீ விரிப்பு. டிரெய்லியர் என்பதில் மாற்றமில்லை.

மழைச்சாலை
சரி, ஹேண்டில்பாருக்கு வருவோம். பின்னோக்கி வளைந்த நார்த் ரோடு வகை போடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் மணிக்கட்டில் பாரமே இருக்காது, நெரிசலில் தலையைத் திருப்பிப் பார்க்கவும் எளிது.

மேட்டுமிதி
அங்கேதான் முதுகு போகும். நேராக நிமிர்ந்தால் உடம்பின் பாரம் முழுக்கச் சீட்டில் இறங்கும், ஒவ்வொரு குழியின் அடியும் நேரே முதுகெலும்பில் ஏறும். சற்றே முன்சாய்ந்தால் கையும் காலும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். 11 கிமீ எதிர்க்காற்றில் நெஞ்சை விரித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

மழைச்சாலை
எட்டு வருடமாகப் போகிறேன், ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டில். வலி வந்ததில்லை.

ஸ்போக்36
ஹேண்டிலைச் சீட் உயரத்துக்கு அல்லது இரண்டு விரல் மேலே வைத்துத் தொடங்குங்கள். உங்களுடையது குழாய்க்குள் இறங்கும் பழைய ஸ்டெம்தான், ஒரே போல்ட்டைத் தளர்த்தி ஏற்றி இறக்கலாம். அதன் மேல் எழுதியிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி மட்டும் இழுக்க வேண்டாம். பிரேக் லீவர் வாங்கும்போது கவனம். வி-பிரேக்குக்கான லீவர் கேபிளை அதிகம் இழுக்கும், உங்கள் பிரேக்குக்கு ஒத்துவராது.

ஜெல் சீட் வேண்டாம். முதல் நாள் சுகமாக இருக்கும். போகப் போக இடுப்பெலும்பு ஜெல்லுக்குள் புதைந்து, நடுவில் மென்மையான இடத்தை அது மேலே அழுத்தும், மரத்துப்போகும். அட்டைப்பெட்டியின் நெளி அட்டையில் உட்கார்ந்து எழுந்து, விழுந்த இரண்டு குழிகளின் நடுவிலிருந்து நடுவரை அளந்துகொள்ளுங்கள். அதைவிட 2 அல்லது 3 செமீ அகலமான, ஓரளவு கெட்டியான சீட் எடுங்கள். நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு அகலமும் கூட வேண்டும்.

கியர் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மேம்பாலத்துக்கு 8 கியர் தேவையில்லை. ஸ்டர்மி ஆர்ச்சர் 3 கியர் ஹப் போதும். முன்னால் 38 பல், பின்னால் 18 பல் போட்டால் நடுக் கியரில் ஒரு சுற்று மிதிக்கு 4.6 மீட்டர். முதல் கியர் அதில் முக்கால், 3.4 மீட்டர். மூன்றாவதில் 6.1.

மேட்டுமிதி
3.4 மீட்டரில் பாரத்தோடும் எதிர்க்காற்றோடும் பாலம் ஏறினால் முழங்கால் என்ன ஆகும்? 38 பல்லுக்குப் பின்னால் 34 இருந்தால் 2.4 மீட்டர் வரை இறங்கலாம். நாளின் முடிவில், களைத்துத் திரும்பும்போது அதன் அருமை தெரியும்.

மழைச்சாலை
8 கியர் நெக்ஸஸிலும் முதல் கியரில் மிதி ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் தூரம் 0.527 மடங்காகக் குறையும். அதே 38, 18 பல்லில் 2.4 மீட்டர்தான் வரும். 3 கியரை நானும் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் அதற்காக டிரெய்லியருக்குப் போக வேண்டியதில்லை.

தினமும்22
எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். பின்பக்கக் குழாய்களுக்கு இடையே 49 மிமீ, அதனால் 35 மிமீ டயரும் 45 மிமீ மட்கார்டும் போகும். பிரேக் எட்ட வேண்டியது முன்னால் 64, பின்னால் 70 மிமீ. பள்ளம் நீளமானதுதான். நெளி அட்டையில் 12 செமீ வந்தது, 15 செமீ அகலச் சீட் ஒன்றை நண்பரிடம் இரவல் கேட்டிருக்கிறேன்.

ஷாக் போர்க்கும் ஜெல் சீட்டும் பட்டியலிலிருந்து போய்விட்டன. முன்சக்கரத்தை இந்த வாரமே கட்டக் கொடுக்கிறேன். பின்ஹப் இன்னும் முடிவாகவில்லை. நண்பரின் 3 கியர் சைக்கிளில் பையை ஏற்றிக்கொண்டு, சாயங்காலக் காற்றில் அந்தப் பாலத்தை இரண்டு முறை ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

மேட்டுமிதி
மூன்று நாள் தொடர்ந்து ஏறிப் பாருங்கள். முழங்கால் முதல் நாள் சொல்லாது.