வெதுப்பக உரிமம்: கழிவுநீர்த் தொட்டிக்கு வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் நல்லூர்ப் பக்கம் சின்ன வெதுப்பகம் ஒன்றுக்கு மாநகர சபையிடம் வியாபார உரிமம் கேட்டிருக்கு. வியாபாரப் பெயர்ப் பதிவு, வேலையாட்களின் மருத்துவச் சான்றிதழ், வரிப் பற்றுச்சீட்டு எல்லாம் கொடுத்தாச்சு. விண்ணப்பத்தைப் பார்க்கிற சபைக் குழுவில் இழுபடுறது ஒன்றுதான்: கழிவுநீர்க் குழி அயல்வீட்டுக் கிணற்றுக்குக் கிட்ட.

அயலவரின் ஆட்சேபனை நியாயமானது. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளுக்குள்ளால அழுக்கு வடிகட்டுப்படாமலே நிலத்தடி நீரில் கலந்திடும். அதனால அடியும் பக்கமும் பூசின, கசியாத சீமெந்துத் தொட்டி கட்டி, அதுக்கு முன்னால எண்ணெய் பிடிக்க இரண்டு அறைத் தொட்டி வைத்து, நிரம்ப நிரம்ப பவுசரில் (தாங்கி லொறியில்) அகற்றுற யோசனை.

இப்படிக் கட்டி உரிமம் எடுத்தவர்கள் இருக்கிறீங்களா? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்ன அளவு கேட்டவர்? வேலை முடிய முன்னம் நிபந்தனையோட அனுமதி தருவினமா? கிடைக்கிற உரிமமும் அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும்தான் செல்லும், அதனால கெதியாச் சொல்லுங்கோ. தொட்டி வரைபடம் இருந்தால் பெரிய உதவி.