செபாங் மோட்டோஜிபி: அப்பாவுடன் போகிறேன், எங்கே உட்காரலாம்?

நண்பர்களே, இந்த வருடம் மலேசியாவின் செபாங் சர்க்யூட்டில் நடக்கும் மோட்டோஜிபி பைக் ரேஸ் பார்க்க அப்பாவுடன் சென்னையில் இருந்து வருகிறேன். அவர் 1970களில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று ரேஸ் பார்த்த மனிதர். இப்போது முழங்கால் வலி, படிக்கட்டு என்றாலே முகம் மாறிவிடும்.

குழப்பம் இதுதான். முதல் வளைவில் இருக்கும் கே1 ஸ்டாண்டில் உட்கார்ந்தால், நீளமான நேர்பாதையில் பறந்து வரும் பைக்குகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுபோல் பிரேக் பிடிப்பதைப் பார்க்கலாம். மெயின் ஸ்டாண்டின் கடைசி வளைவுப் பக்கம் என்றால் 15ஆம் வளைவு கண்ணுக்கு நேராக. கடைசி லாப்பில் முந்தும் சண்டை பெரும்பாலும் அங்கேதான். எனக்கு மனசு கே1 பக்கம். ஆனால் மதியம் அங்கே வெயில் முகத்தில் அடிக்குமா? சாயங்கால மழை வந்தால் கூரை காக்குமா? படிகள் எத்தனை ஏற வேண்டும்?

அப்புறம், திரும்பி வருவது. போன வருடம் வேறொரு ஊரில் ரேஸ் முடிந்து டாக்சிக்கு இரண்டரை மணி நேரம் ரோட்டில் நின்றோம். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இருந்து ரயிலில் சர்க்யூட் பக்கம் உள்ள சாலாக் திங்கி ஸ்டேஷன் வரை வந்துவிடலாம், அது தெரியும். அங்கிருந்து சர்க்யூட்டுக்குப் பஸ் விடுகிறார்களா? ஞாயிறு கூட்டத்தில் வயசானவரை ஏற்ற முடியுமா?

சனிக்கிழமை நடக்கும் ஸ்பிரின்ட் என்ற குட்டி ரேஸுக்கும் போகலாமா, இல்லை அன்று அப்பாவுக்கு ஓய்வு கொடுப்பதா? நேரில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.