பத்து வருடம் கழித்து இருக்கும் 'நான்': பயிற்சியில் கண்டவை (பயிற்சி நடத்தும் ஐவரின் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

நீலமை

எதிர்கால 'நான்'-ஐ எழுத வைக்கும் பயிற்சி எப்படி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். உளவியலாளர் லாரா கிங் 2001-ல் வெளியிட்ட ஆய்வின் முறைதான்: எல்லாம் கைகூடிவிட்ட எதிர்காலத்தைத் தினம் 20 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதுவது. மூன்றாம் நாள் ஒரு பெண் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். சொந்த நிறுவனம், விருது மேடை, பேட்டி. எழுத்தில் குறையே இல்லை. "விருது வாங்குற அன்னிக்குக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். கோபமில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் வைப்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. அந்த மூடிய பேனாதான் இன்னும் உறுத்துகிறது.

விழா நாளை எழுதவே விடாதீர்கள். வார நடுவில் ஒரு சாதாரண நாள், எழுந்ததிலிருந்து மதியம் வரை. முதல் வேலை என்ன, யாருக்குப் போன் போகிறது, எந்த அழைப்பை மறுக்கிறார், இந்த மூன்றும் தாளில் இருக்க வேண்டும். வேலை நேரம் வெறுமையாக இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. அந்தத் தொழிலின் அன்றாடம் தெரியாது. அதைச் செய்கிற ஒருவரிடம் போய்ப் பேசினால் தீர்ந்தது. அல்லது தெரியும், பிடிக்கவில்லை. இந்த இரண்டாவதை யாரும் லேசில் ஒத்துக்கொள்வதில்லை. விருது வேண்டும், வேலை வேண்டாம் என்றால் மாற வேண்டியது இலக்கு.

கணக்குநோட்டு

நீலமை, பேனா மூடியதற்குக் காரணம் கேள்வி அல்ல, அந்தப் பத்து வருடம். அவ்வளவு தூரத்தில் இருப்பவரை மனசு வேறு ஆளாகத்தான் பார்க்கிறது. ஆய்வாளர் ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் குழுவினர், முதுமையாக்கப்பட்ட தங்கள் உருவத்தையே மெய்நிகர் கண்ணாடியில் பார்க்க வைத்தபோது, ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்குவதாகச் சொன்ன தொகை கூடியது (2011). அந்த ஆளோடு அறிமுகம் ஏற்பட்டால்தான் அவருக்காக எதையாவது விட்டுக்கொடுக்கத் தோன்றும்.

ஒரு குழுவில் நாவல் எழுத நினைத்தவர் ஒருவர். "30 வாரம்" என்று கம்பீரமாக எழுதியிருந்தார். 60,000 சொல், ஒரு அமர்வுக்கு 500, வாரம் 4 அமர்வு. கணக்கு சரி. "இதில் காய்ச்சல் வாரம் எது?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். முப்பது கட்டத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

1994-ல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 33.9 நாள், எடுத்தது 55.5. அதாவது 1.6 மடங்கு. அந்தப் பெருக்கலை இங்கே போட்டால் 30 வாரம் 48 ஆகிறது. மாற வேண்டியது கெடு மட்டும்தான், ஒரு அமர்வுக்கு 500 என்பது அப்படியே இருக்கட்டும்.

படிகள்: பத்து வருடம், மூன்று, ஒன்று, பிறகு 90 நாள். ஒவ்வொரு படியிலும் வெளியாள் ஒருவர் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சான்று. "நல்ல எழுத்தாளராகியிருப்பேன்" சான்று ஆகாது, "மூன்று அத்தியாயம் மற்றொருவர் கையில்" ஆகும். முடிந்தால் வருடத்தை நாளாக மாற்றி எழுதுங்கள். 30 வருடம் என்பதை 10,950 நாள் என்று சொன்னாலே சேமிப்பைச் சீக்கிரம் தொடங்க நினைக்கிறார்கள் என்று லூயிஸும் ஆய்சர்மனும் 2015-ல் காட்டியிருக்கிறார்கள்.

முட்டுக்கட்டை

இரண்டு பேருமே கனவைத்தான் இஸ்திரி போடுகிறீர்கள். ஒருவர் நாளை மடிக்கிறார், ஒருவர் வருடத்தை மடிக்கிறார். தடை எங்கே?

என்னை விடாத காட்சி ஒன்றுதான்: மாரத்தான் ஓட நினைத்தவர் கண்ணை மூடி எல்லைக்கோட்டைக் கற்பனை செய்தார், முகம் மலர்ந்தது, அப்படியே நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். ஓடி முடித்த களைப்பே வந்துவிட்டது அவருக்கு! அடுத்த சந்திப்புவரை ஷூ பெட்டியைத் திறக்கவில்லை. உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கன் 1991-லேயே எடை குறைப்புத் திட்டத்தில் இருந்த பெண்களிடம் இதைப் பார்த்துவிட்டார்: முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது, இனிமையாகக் கற்பனையில் திளைத்தவர்களுக்குக் குறைவாகத்தான் குறைந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் ஓட்டிங்கனின் முறையைச் சொல்லிவிடுகிறேன். விருப்பம் ஒரு வரி. சிறந்த விளைவு, கற்பனையோடு, மூன்று நிமிடம். அதன் பிறகு உள்ளே இருக்கும் முக்கியத் தடை, அதற்கும் மூன்று நிமிடம். கடைசியாக 'இது வந்தால் இதைச் செய்வேன்' என்று ஒரு வாக்கியம். வரிசையை மாற்றாதீர்கள். தடையை முதலில் நினைத்துவிட்டுக் கனவுக்குப் போனால் இரண்டும் ஒட்டுவதில்லை, பலனும் இல்லை.

பெரும்பாலோர் சறுக்குவது தடையில்தான். "நேரமில்லை" என்று எழுதுவார்கள். அது வெளியே இருப்பது. "மாலை வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு படுத்துவிடுகிறேன்" என்பதுதான் உள்தடை. நேரம், இடம், கை என்ன செய்கிறது, மூன்றும் தெரிய வேண்டும். திட்ட வாக்கியத்தில் "மாட்டேன்" வரக்கூடாது. "போனைத் தொடமாட்டேன்" என்றால் மனசு போனைத்தான் பிடித்துக்கொள்ளும். "வீட்டுக்குள் வந்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஷூவை மாட்டுவேன்" என்று எழுதுங்கள். ஒரு இலக்குக்கு ஒரு தடை, ஒரு வாக்கியம். ஆறேழு இலக்குக்கு ஆறேழு திட்டம் எழுதினால் எதிலும் பிடிப்பு இருக்காது. இன்னொன்று: நடக்க வாய்ப்பே இல்லாத இலக்கில் இதைச் செய்தால் ஆர்வம் குறையும். பயப்படாதீர்கள், இந்த முறை அப்படித்தான் வேலை செய்யும். அந்தச் சக்தி வேறொன்றுக்குப் போகட்டும்.

எதிர்க்கேள்வி

முட்டுக்கட்டை சார் கட்டுரையே எழுதிவிட்டார் :)

என்னுடையது சின்னது. ஒரு பயிற்சியாளர் திரையில் "1953 யேல் ஆய்வு: இலக்கை எழுதிவைத்த 3 சதவீதம் பேர் மற்ற 97 சதவீதத்தைவிட அதிகம் சம்பாதித்தார்கள்" என்று போட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "ஆய்வறிக்கை கிடைக்குமா?" என்றான். அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிட்டார். எப்படிக் கிடைக்கும்? அப்படி ஒரு ஆய்வு நடக்கவேயில்லை. தேடிப் பார்த்தவர்கள் யாருக்கும் அகப்படவில்லை. தயவுசெய்து இங்கேயும் கொண்டுவராதீர்கள்.

சான்று வேண்டுமானால் இலக்கு வைப்பதை ஆராய்ந்த லாக், லேதம் இருவரின் ஆய்வுகள் இருக்கின்றன. "முடிந்ததைச் செய்" என்பதைவிடத் தெளிவான, கடினமான இலக்கு நல்ல பலன் தரும். ஆனால் திறமையே இன்னும் கைவராத சிக்கலான வேலைக்கு எண்ணை நிர்ணயிக்காதீர்கள். அங்கே "விற்க ஐந்து வழி கண்டுபிடி" என்பது "ஐம்பது விற்று முடி" என்பதைவிட மேல். மூன்று பேரும் இதைத் தொடவேயில்லை.

மறுபக்கம்

எல்லோரும் ஆசைப்படுகிற ஆளையே எழுத வைக்கிறீர்கள். ஒரு இளைஞர் அந்தப் பக்கத்தில் பெயரும் தேதியும் மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். "சரி, எப்படி ஆகிவிடக் கூடாதுன்னு நினைக்கிறீங்க?" என்றதும் நிமிராமல் ஒரு பக்கம் எழுதினார். பதில் போடாத செய்திகளின் எண்ணிக்கை வரை இருந்தது.

நாம் ஆகக்கூடிய 'நான்'கள் பற்றி மார்கஸ், நூரியஸ் 1986-ல் எழுதிய கட்டுரையிலேயே அஞ்சும் சுயத்துக்கும், அதாவது ஆகிவிடுவோமோ என்று பயப்படுகிற ஆளுக்கும், இடம் உண்டு. இரண்டும் ஒரே துறையில் எதிரெதிராக நிற்க வேண்டும்: வேலைக்கு வேலை, உடம்புக்கு உடம்பு. ஆசை வேலையிலும் பயம் உறவிலும் இருந்தால் ஒன்று மற்றொன்றை இழுக்காது. அஞ்சுவதற்கு 5 நிமிடம் போதும், விரும்புவதற்கு 15, முடிப்பது எப்போதும் விரும்புவதில். மனசு ஏற்கெனவே கனத்திருப்பவருக்கு இந்தப் பாதியே வேண்டாம்.

எழுத்தே வராதவர்களுக்கும் கடிதம் எழுத வரும். இன்றிலிருந்து மூன்று வருடம் தள்ளி இருக்கும் தனக்கே ஒன்று, அந்த எதிர்கால ஆள் எழுதும் பதில் ஒன்று. ஜப்பானில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் செய்து பார்த்ததில், பதிலையும் எழுதியவர்களுக்குத்தான் எதிர்காலத்தோடு நெருக்கம் கூடியது. பதிலைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நீலமை

முட்டுக்கட்டை, தடையை யாரும் மறுக்கவில்லை. வேலை நாள் தாளில் இல்லாதபோது எதற்குத் தடை தேடுவது? எல்லைக்கோட்டுக்கா? உங்கள் மாரத்தான்காரருக்கும் அதுதான் ஆயிற்று. காலை ஐந்தரை மணி ஓட்டத்தைக் கற்பனை செய்ய வைத்திருந்தால் சாய்ந்திருக்க மாட்டார். மதிப்பெண்ணைக் கற்பனை செய்த மாணவர்களைவிட, படிப்பதைக் கற்பனை செய்தவர்களே தேர்வில் நன்றாகச் செய்தார்கள் (ஃபாம், டெய்லர், 1999).

கணக்குநோட்டு

நீங்கள் இருவரும் முடிவுக்கு வருவதற்குள் ஒரு நடைமுறைக் குறிப்பு. 90-ஆம் நாள் மறுபார்வையில் பழைய தாளை முதலில் காட்டாதீர்கள், அதையே பார்த்து எழுதிவிடுவார்கள். புதிதாக எழுத வைத்து, பிறகு பக்கத்தில் வையுங்கள். வேறுபாட்டைப் பார்த்து ஆடிப்போவார்கள். இதுவரை எவ்வளவு மாறியிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும், இனிமேல் மாறமாட்டோம் என்றுதான் எந்த வயதிலும் நினைக்கிறார்கள். 2013-ல் 18 முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டோரிடம் பார்த்த விஷயம் இது. இரண்டு தாளிலும் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். பழையதில் மட்டும் இருப்பதற்கு எதிரே "இன்னும் வேண்டுமா?" என்று ஒரு கட்டம். மூன்று முறை "தெரியவில்லை" விழுந்தால் அடித்துவிடலாம்.