டெல்டா: ஆற்றுக்கும் மோட்டாருக்கும் வைரஸுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

வெண்ணாற்றங்கரை (கேள்வி):

நான் திருவாரூர்ப் பக்கம். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா, கடைமடைக்கு எப்போது தண்ணீர் வந்து சேரும், குறுவை போடலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கு நடுவில்தான் டெல்டா என்ற சொல்லே எனக்குப் பழக்கம். எங்களுக்கு அது கிட்டத்தட்ட ஊர்ப்பெயர். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிற மகளின் இயற்பியல் நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் டெல்டா எக்ஸ், டெல்டா டி என்று இருக்கிறது. மோட்டார் கொட்டகையில் இருப்பது ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். 2021இல் பரவிய கொரோனாவுக்கும் அதே பெயர். அமெரிக்காவில் ஒரு விமான கம்பெனியும் இருக்கிறது. கிரேக்க எழுத்து என்பது வரைக்கும் தெரியும். அந்த எழுத்துக்கு ஏன் அந்தப் பெயர், பெயருக்கு ஏதாவது அர்த்தம் உண்டா, அது எப்படி இத்தனை இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகள் கேட்டாள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

பழஞ்சுவடி:

அண்ணே, பெயருக்கு அர்த்தம் உண்டு, ஆனால் கிரேக்கத்தில் கிடையாது. கிரேக்க அகராதியில் எவ்வளவு தேடினாலும் டெல்டா என்றால் கூர் மேலே நிற்கும் முக்கோணம் மாதிரியான அந்த எழுத்து (Δ), அவ்வளவுதான். ஆல்ஃபா, பீட்டாவுக்கும் இதே கதைதான். கிரேக்கர்கள் எழுத்தைக் கற்றுக்கொண்டது பினீசியர்களிடம், அதாவது இன்றைய லெபனான் கடற்கரையிலிருந்து கப்பல் ஓட்டி வந்த வணிகர்களிடம். அவர்கள் மொழியில் முதல் எழுத்து ஆலெஃப், மாடு. இரண்டாவது பேத், வீடு. நான்காவது தாலெத், கதவு. ஹீப்ருவில் இன்றைக்கும் கதவுக்கு தெலெத் என்றுதான் பெயர், அரபியில் அந்த எழுத்து தால். கிரேக்கர்கள் எழுத்தோடு வரிசையையும் பெயரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள், அர்த்தம் மட்டும் கூட வரவில்லை. இதை அவர்கள் மறைக்கவும் இல்லை, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தங்கள் எழுத்துகளைப் "பினீசிய எழுத்துகள்" என்று சொல்வதுதான் வழக்கம் என்று எழுதியிருக்கிறார்.

கடைசியில் அந்த 'ஆ' எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கிரேக்கச் சொற்கள் பொதுவாக த், ப், க் மாதிரி ஒலிகளில் முடிவதில்லை. தமிழுக்கும் அது ஒத்துவராது, நாம் ஓர் உகரம் போட்டு முடிக்கிறோம், அவர்கள் ஆகாரம் போட்டார்கள்.

ஒரு சின்னத் தகராறும் உண்டு. சினாய் பாலைவனப் பாறைகளில் கிடைத்த இன்னும் பழைய எழுத்துகளில், இந்த ஒலிக்குக் கதவுக்குப் பதில் மீன் படம் போட்டிருக்கிறார்கள் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள், ஏனென்றால் அந்த மொழிக் குடும்பத்தில் மீனுக்கு 'தாக்'. பினீசியர் காலத்துக்கு வரும்போது கதவு என்ற பெயர்தான் நின்றுவிட்டது, அதில் தகராறு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அதே கதவு இன்னொரு வழியிலும் கிரேக்கத்துக்குள் நுழைந்தது. எழுதும் பலகைக்குக் கிரேக்கத்தில் தெல்தோஸ் என்று பெயர். பலகை முக்கோணமாக இருந்ததால் டெல்டா எழுத்தை வைத்து அந்தப் பெயர் வந்தது என்று பழைய காலத்தில் விளக்கம் சொன்னார்கள், அது பொருந்தவில்லை, கிடைத்த பலகைகள் எல்லாம் செவ்வகம். இது நேராகக் கதவு என்ற சொல்லிலிருந்தே வந்தது. துருக்கியின் தென் கரையில் உலுபுருன் என்ற இடத்தில் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலை 1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர் ஒருவர் கண்டார். அந்தக் கப்பலில் கிடைத்த சாமான்களில் ஒரு சின்ன மடிப்புப் பலகை இருந்தது: பாக்ஸ்வுட் மரத்தில் இரண்டு பலகை, உள்பக்கம் மெழுகு ஊற்றி எழுத லேசாகச் செதுக்கிய பள்ளம், நடுவில் தந்தத்தில் செய்த கீல். அதைத் திறந்து மூடுவதை நினைத்துப் பாருங்கள், ஏன் கதவு என்றார்கள் என்பது தெரியும். பைபிளில் எரேமியா 36ஆம் அதிகாரத்தில் அரசன் சுருளைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிற இடத்திலும், எழுத்துப் பத்திகளுக்கு மூல ஹீப்ருவில் இருப்பது 'கதவுகள்' என்ற சொல்தான்.

மூணுஃபேஸ்:

வணக்கம் சார். எழுத்துக் கதை எனக்குப் புதுசு, ரொம்ப நன்றி. ஸ்டார்ட்டர் விஷயம் நான் சொல்கிறேன், மோட்டார் ரீவைண்டிங் வேலைதான் நமக்கு.

மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு முனை தெரியும், மூன்று காயிலுக்குத் தலா இரண்டு. ஒரு பக்கத்து மூன்று முனைகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் ஸ்டார், படம் வரைந்தால் மூன்று கால் விரித்த மாதிரி வரும். அப்படி இல்லாமல் முதல் காயிலின் கடைசியை இரண்டாவதின் தொடக்கத்தோடு, இரண்டாவதின் கடைசியை மூன்றாவதின் தொடக்கத்தோடு, மூன்றாவதின் கடைசியைத் திரும்ப முதலோடு சேர்த்தால் மூடிய முக்கோணம். அதுதான் டெல்டா. பித்தளைப் பட்டியில் பார்த்தாலே தெரிந்துவிடும், ஸ்டாரில் பட்டி படுத்திருக்கும், டெல்டாவில் மூன்று பட்டி நட்டுக்குத்தலாக நிற்கும்.

கொட்டகையில் ஸ்விட்ச் போட்டதும் மோட்டார் மெதுவாக முனகி எழுந்து, கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்து முழு வேகம் பிடிக்கும் இல்லையா, அந்த 'டக்'தான் டைமர் ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றுவது. ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் சுமார் 240 வோல்ட்தான் கிடைக்கும், டெல்டாவில் முழு 415. அதனால் ஸ்டாரில் கிளப்பும்போது லைனிலிருந்து இழுக்கிற கரண்ட் மூன்றில் ஒரு பங்குதான், காயிலும் தாங்கும், ஊர் டிரான்ஸ்ஃபார்மரும் தாங்கும். சிலர் டைமர் போய்விட்டது என்று நேராக டெல்டாவில் போட்டு ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், புது டைமர் விலை வேறு, காயில் கட்டுகிற செலவு வேறு.

ஆக எங்கள் தொழிலில் அந்தப் பெயர் முழுக்க முழுக்க உருவத்தால் வந்தது.

கணக்கு டீச்சர்:

மூணுஃபேஸ் சொன்ன கடைசி வரி முக்கியமானது, ஏனென்றால் உங்கள் மகள் நோட்டில் இருக்கிற டெல்டாவுக்கும் முக்கோணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே அது வெறும் முதலெழுத்து. வித்தியாசம் என்பதற்கு லத்தீனில் 'திஃபெரென்ஷியா'. நுண்கணிதத்தில் மிக மிகச் சிறிய மாற்றத்துக்குக் கணித மேதை லைப்னிட்ஸ் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலச் சின்ன 'டி'யை எடுத்துக்கொண்டார். அளந்து சொல்லக்கூடிய மாற்றத்துக்குத் தனியாக ஒரு குறி வேண்டும், அதற்கு அதே ஒலியுள்ள கிரேக்க எழுத்து. 1755இல் ஆய்லர் என்ற கணித மேதை தன் நுண்கணிதப் புத்தகத்தில் வித்தியாசத்துக்கு டெல்டாவையும் கூட்டலுக்கு சிக்மாவையும் ஜோடியாகப் பயன்படுத்தினார். சிக்மாவும் முதலெழுத்துதான், லத்தீனில் கூட்டுத்தொகைக்கு 'சும்மா'. நான் வகுப்பில் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன், காரணம் தெரியாமல் குறியை மட்டும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் டெல்டா டி என்பதை டெல்டா பெருக்கல் டி என்று நினைத்து அடித்துச் சுருக்கிவிடுகிறார்கள்.

இந்த இரண்டு வழியும் கிரேக்கர்களிடமே இருந்தன என்பதுதான் அழகு. ஏதென்ஸில் பழைய எண் முறையில் டெல்டா என்றால் 10, ஏனென்றால் பத்துக்கு அவர்கள் சொல் 'தேகா', முதலெழுத்து. பின்னால் வந்த முறையில் அதே எழுத்து 4, ஏனென்றால் வரிசையில் அது நான்காவது. வானத்தில் மூன்று நட்சத்திரம் முக்கோணமாக நின்ற கூட்டத்துக்கு 'தெல்தோதோன்', அது உருவம். வரிசை, ஒலி, உருவம்: நீங்கள் கேட்ட எந்த டெல்டாவை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் போய் நிற்கும், கதவு என்ற அர்த்தம் எதிலும் இருக்காது.

ஒரு துணுக்கு. கல்லூரியில் மகள் படிக்கப்போகிற வெக்டர் கணக்கில் டெல்டாவைத் தலைகீழாக எழுதுவார்கள், பெயர் நாப்ளா. ஹாமில்டன் என்ற கணித அறிஞர் கொண்டுவந்த குறி அது. பெயர் ஒரு பழைய யாழின் பெயர், உருவம் அந்த யாழ் மாதிரி இருந்ததால். அந்த யாழின் பெயரும் கிரேக்கத்துக்கு ஹீப்ரு, பினீசியப் பக்கத்திலிருந்து வந்ததுதான், ஹீப்ருவில் நெவெல். எழுத்தைப் புரட்டிப் போட்டாலும் பெயர் அதே கடற்கரைக்குப் போகிறது!

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. டீச்சர் சொன்ன மூன்று வழியை மகளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவள் உடனே அட்லஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நைல் ஆற்றைப் பார்த்துத்தான் டெல்டா என்று பெயர் வைத்தார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் வரைபடத்தில் நைல் டெல்டா கூர் கீழே, அகலம் மேலே இருக்கிறதே, எழுத்துக்கு நேர்தலைகீழ் அல்லவா என்கிறாள். அப்புறம் காவிரிக்கு எப்போது வந்தது?

பழஞ்சுவடி:

பாப்பா சரியான இடத்தில் பிடித்திருக்கிறாள். வடக்கு மேலே என்பது நம் காலத்து அட்லஸ் பழக்கம். கிரேக்கன் எகிப்துக்கு வந்தது வடக்கிலிருந்து, கடல் வழியாக. அவன் கண்ணுக்கு அகலமான கரை முன்னால், ஆறு பிரிகிற கூர்முனை உள்ளே தூரத்தில். கப்பலில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொண்டால் எழுத்து நேராகத்தான் இருக்கிறது. அதனால்தான் அந்த உவமை அவனுக்கு உறுத்தவில்லை என்பது என் எண்ணம்.

எகிப்தை "ஆற்றின் கொடை" என்று சொன்ன அதே ஹெரோடோட்டஸ்தான் அந்த நிலத்தை டெல்டா என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார். ஆனால் பெயரை வைத்தவர் அவர் அல்ல, அயோனியர்கள் (கிரேக்கர்களில் ஒரு பிரிவினர்) டெல்டாவை மட்டுமே எகிப்து என்கிறார்கள் என்று அவர்களோடு சண்டை பிடிக்கிறார், அப்படியானால் பெயர் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அவர் கணக்கில் நைலுக்கு ஏழு வாய், அதில் இரண்டு மனிதர் வெட்டியவை. இன்று மிஞ்சியவை ரொசெட்டா, டாமியெட்டா என்று இரண்டே கிளை.

அவர் காலத்தில் அது ஓர் இடத்தின் பெயர்தான். எந்த ஆற்றுக்கும் பொருந்தும் சொல்லாக மாறியது பிறகு. அதில் நம் துணைக்கண்டத்துக்கும் பங்கு உண்டு: அலெக்சாண்டர் கி.மு. 325இல் சிந்து நதி கடலில் கலக்கும் பகுதிக்கு வந்தார், அவர் வரலாற்றை எழுதிய அர்ரியன், சிந்துவும் எகிப்தில் உள்ளது போல ஒரு டெல்டாவை உண்டாக்குகிறது, அதை இந்தியர்கள் பட்டாலா என்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். காவிரிக்கு இந்தச் சொல் வந்தது வெள்ளைக்காரன் காலத்துப் பாசன ஆவணங்கள் வழியாக, ஆர்தர் காட்டன் 1836இல் மேலணை வேலையைத் தொடங்கிய காலத்துப் பொறியாளர்கள் பேசிய மொழி அது. உங்கள் ஊருக்கு உருவமும் பொருந்துகிறது, முக்கொம்பு, கல்லணைப் பக்கம் கூர்முனை, கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை கடற்கரை அடிப்பக்கம். மகளை அட்லஸைக் கிழக்குப் பக்கம் கீழே வருகிற மாதிரித் திருப்பச் சொல்லுங்கள், எழுத்து நேராக நிற்கும்.

ஊசிமுனை:

நான் செவிலியர். வைரஸ் பாக்கி இருக்கிறதே என்று வந்தேன். அது டீச்சர் சொன்ன வரிசை வழி. பி.1.617.2 என்ற எண் யார் வாயிலும் நுழையவில்லை, ஊடகங்கள் பிரிட்டன் வகை, தென்னாப்பிரிக்க வகை, இந்திய வகை என்று நாட்டுப் பெயரால் எழுத ஆரம்பித்தன. நோய்க்கு ஒரு நாட்டின் பெயரைச் சூட்டினால் அந்த நாட்டு மக்கள்மேல் பழி விழும், அதைத் தடுக்கத்தான் உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31 அன்று கிரேக்க எழுத்துகளை வரிசையாகக் கொடுத்தது. இந்தியாவில் முதலில் கண்டறிந்தது நான்காவதாக வந்தது, அதனால் டெல்டா. நம் பக்கம் அதிலும் ஒரு சங்கடம், டெல்டா வைரஸ் என்று டிவியில் சொன்னதும் தஞ்சாவூர்ப் பக்கம்தான் அதிகம் பரவுகிறதோ என்று கேட்டவர்கள் உண்டு, பொறுமையாக விளக்கி அனுப்புவோம். அந்தச் சங்கடத்தை அந்த நிறுவனமும் பின்னால் யோசித்தது, நவம்பரில் அடுத்த பெயர் வைக்கும்போது நியூ என்ற எழுத்தை 'புதிய' என்ற ஆங்கிலச் சொல்லோடு குழப்பிக்கொள்வார்கள் என்றும், ஸை என்பது பலருடைய குடும்பப் பெயர் என்றும் இரண்டையும் தாண்டி ஓமிக்ரானுக்குப் போனார்கள்.

தடுப்பூசி போட்ட இடத்தைத் தொட்டுப் பாருங்கள். தோளில் அந்தத் தசைக்குப் பெயர் டெல்டாயிட். மேலே அகலம், கீழே கூர், அதே முக்கோணம்.

பழஞ்சுவடி:

ஊசிமுனை, இது எனக்குத் தோன்றவே இல்லை, அருமை.

விமான கம்பெனியை யாரும் சொல்லவில்லை என்பதால் அதையும் முடித்துவிடுகிறேன். பயிருக்கு மருந்து தூவுகிற சிறு நிறுவனமாகத் தொடங்கியது, 1928இல் மிசிசிப்பி டெல்டாவை வைத்துப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கர்கள் மிசிசிப்பி டெல்டா என்று அழைக்கும் அந்தப் பருத்தி நிலம் கடலோரத்திலேயே இல்லை, மிசிசிப்பிக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையில் உள்நாட்டில் இருக்கிற வண்டல் சமவெளி. ஆறு உண்மையில் கடலில் சேருமிடம் அதற்கு வெகு தெற்கே, அதுவும் பறவைக் கால் மாதிரி விரல் விரித்துக் கிடக்கிறது, முக்கோணமே இல்லை. போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ என்று ஓர் ஆறு இருக்கிறது, அது கடலுக்கே போகாமல் கலஹாரி மணலில் விரிந்து வற்றிவிடுகிறது, அதற்கும் டெல்டா என்றுதான் பெயர். மகளிடம் அட்லஸ் கையில் இருக்கும்போதே இந்த இரண்டையும் தேடச் சொல்லுங்கள் அண்ணே.